பார்வையாளர் வரிசையில் ஒரு சாம்பியன்

2020 அக்டோபர் 23 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான 'த குவீன்ஸ் கேம்பிட்' என்ற ஏழு பகுதித் தொடரை உலகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது இன்று ஒரு சிறு வரலாறாகவே ஆகிவிட்டது. கென்டக்கி மாநிலத்து அநாதை விடுதி ஒன்றின் நிலவறையில், கட்டடக் காவலாளியிடம் சதுரங்கம் கற்கும் ஒரு சிறுமி, 1968இல் மாஸ்கோவில் சோவியத் ஜாம்பவான்களை வெல்லும் வரையிலான கதை அது. வெளியான முதல் 28 நாட்களில் 6 கோடியே 20 லட்சம் வீடுகளில் அது பார்க்கப்பட்டது என்று நிறுவனம் அறிவித்தது. இரண்டு நிமிடம் பார்த்தாலே பார்த்ததாகக் கணக்கு வைக்கும் முறை அப்போது அங்கே இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் கணக்கு முறையால் விளக்கிவிட முடியாத விளைவுகளும் இருந்தன. சதுரங்கப் பலகைகள் கடைகளில் தீர்ந்துபோயின. அமெரிக்காவில் சதுரங்க நூல்களின் விற்பனை சில வாரங்களில் பன்மடங்கு உயர்ந்தது. தொடருக்கு மூலமான வால்டர் டெவிஸின் நாவல், 1983இல் வெளியாகி 37 ஆண்டுகள் கழித்து, நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. அதைக் காண நாவலாசிரியர் இல்லை. அவர் 1984இலேயே மறைந்திருந்தார்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் ஒரு பலகையை விரித்து உட்கார்ந்தது வியப்புக்குரியதல்ல. நமக்கு அக்கறையூட்டுவது வேறு வகைப் பார்வையாளர்களின் எதிர்வினை. அத்தொடர் எதைக் கற்பனை செய்ததோ அதை வாழ்ந்து முடித்த பெண்கள் சிலர் உலகில் இருந்தார்கள். அவர்களும் அதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் தொடரிலேயே உச்சரிக்கப்பட்டது. அவர் நோனா கப்ரிந்தாஷ்விலி. ஜார்ஜியா நாட்டவர். தொடர் வெளியானபோது அவருக்கு வயது 79.

*

கடைசிப் பகுதியில், மாஸ்கோ போட்டியை விவரிக்கும் வர்ணனையாளரின் குரல் ஒலிக்கிறது. கதாநாயகி பெத் ஹார்மனிடம் அசாதாரணமாக எதுவும் இல்லை, அவள் பெண் என்பதைத் தவிர என்று அக்குரல் சொல்கிறது. பிறகு, அதுவும் ரஷ்யாவில் புதிதல்ல என்று கூறி நோனா கப்ரிந்தாஷ்விலியின் பெயரைக் குறிப்பிடுகிறது. அவர் பெண்கள் பிரிவின் உலகச் சாம்பியன், ஆனால் ஆண்களை ஒருபோதும் எதிர்கொண்டதில்லை என்று முடிக்கிறது. அவ்வேளையில் கேமரா பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணியின் மீது படிந்து நகர்கிறது. ஒரு சில நொடிகள்தாம். பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேட்ட மறுகணமே மறந்திருப்பார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, கப்ரிந்தாஷ்விலி ரஷ்யர் அல்லர். சோவியத் ஒன்றியத்தின் குடிமக்களையெல்லாம் 'ரஷ்யர்' என்று அழைப்பது அக்கால அமெரிக்க வழக்கு என்று சமாதானம் கூறலாம். 1968இன் வர்ணனையாளர் ஒருவர் அப்படித்தான் பேசியிருப்பார். ஆனால் 1991இல் விடுதலை பெற்று, 2008இல் ரஷ்யாவுடன் போர் கண்ட ஒரு சிறு நாட்டின் மக்களுக்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்பதை நாம் ஊகிக்க முடியும். இரண்டாவது பிழைக்கு அத்தகைய சமாதானமும் இல்லை. கதை நிகழும் 1968ஆம் ஆண்டுக்குள்ளேயே அவர் குறைந்தது 59 ஆண் ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடியிருந்தார். அவர்களில் 28 பேரை ஒரே அமர்வில், ஒரே நேரத்தில். அந்த 59 பேரில் குறைந்தது பத்துப் பேர் கிராண்ட்மாஸ்டர்கள். இவை அவர் பின்னர் தொடுத்த வழக்கின் மனுவில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகள்.

அதே மனு, அவர் தம் ஆட்ட வாழ்வில் எதிர்கொண்டவர்களாகக் குறிப்பிடும் பெயர்களில் பால் கெரெஸ், கிளிகோரிச், மிகைல் தால், போரிஸ் ஸ்பாஸ்கி ஆகியோருடன் விஸ்வநாதன் ஆனந்தும் இருக்கிறார். ஆனந்த் பிறந்ததே 1969இல்தான். தொடர் அவரைப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார வைத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் பிறந்த ஒருவர் வளர்ந்து ஆளாகி எதிரே வந்து அமரும் வரை, அவர் ஆடிக்கொண்டிருந்தார் என்பது இதன் பொருள்.

*

கப்ரிந்தாஷ்விலியின் வாழ்வைச் சற்று விரித்துச் சொல்வது இங்கே அவசியமாகிறது. ஏனெனில் தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம்.

மேற்கு ஜார்ஜியாவின் ஸுக்தீதி என்ற ஊரில் 1941 மே 3 அன்று பிறந்தவர். ஐந்து சகோதரர்களுக்கிடையே ஒரே பெண். சகோதரர்கள் ஆடுவதைப் பார்த்து ஆட்டத்தைக் கற்ற சிறுமியை வாக்தாங் கார்ஸெலாட்ஸே என்ற பயிற்சியாளர் கண்டுகொண்டார். அவருடைய ஆலோசனையின் பேரில் சிறுமி தலைநகர் த்பிலிசிக்கு அனுப்பப்பட்டாள். 1961இல் பெண்களுக்கான தகுதிப் போட்டியை வென்று, 1962இல் மாஸ்கோவில் அப்போதைய சாம்பியன் எலிசவேத்தா பைகோவாவை எதிர்கொண்டாள். பதினோரு ஆட்டங்கள் நடந்தன. ஏழு வெற்றி, நான்கு சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. 9-2 என்ற கணக்கில் 21 வயதில் உலகச் சாம்பியன். அதன் பிறகு 16 ஆண்டுகள் அப்பட்டம் அவரிடமே இருந்தது. 1965, 1969, 1972 ஆகிய மூன்று முறை அல்லா குஷ்னீரையும், 1975இல் தன் நாட்டவரான நானா அலெக்ஸாந்திரியாவையும் வென்று அதைத் தக்கவைத்துக்கொண்டார். 1978இல் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரும் இன்னொரு ஜார்ஜியரே. 17 வயது மாயா சிபுர்தானிட்ஸே. அவரிடம் அது 1991 வரை நீடித்தது. அவ்வாண்டு சீனாவின் ஷீ ஜுன் அதைக் கைப்பற்றினார்.

ஆக, 29 ஆண்டுகள் பெண்களுக்கான உலகப் பட்டம் ஜார்ஜியா என்ற சிறு தேசத்தை விட்டு வெளியேறவில்லை. 1975, 1978, 1981, 1988 ஆகிய ஆண்டுகளின் பட்டப் போட்டிகளில் பலகையின் இருபுறமும் அமர்ந்தவர்கள் ஜார்ஜியப் பெண்களே. இதற்குக் காரணம் தேடுபவர்கள், மணப்பெண்ணின் சீதனத்தில் ருஸ்தவேலியின் காவியத்துடன் ஒரு சதுரங்கப் பலகையும் வைத்து அனுப்பும் பழைய ஜார்ஜிய வழக்கத்தைச் சொல்வதுண்டு. அது அழகான விளக்கம். ஆனால் போதுமான விளக்கம் அன்று. சோவியத் அரசின் முன்னோடிச் சிறார் மன்றங்கள், பயிற்சியாளர்களுக்கு மாதச் சம்பளம், கார்ஸெலாட்ஸே போன்ற ஆசிரியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்முன்னே வென்று காட்டிய ஒருத்தி ஆகியவை சேர்ந்தே அந்தத் தலைமுறையை உருவாக்கின. 1973இல் த்பிலிசியின் பூங்கா ஒன்றில் சதுரங்கத்துக்கென ஒரு மாளிகை எழுப்பப்பட்டது. அது கப்ரிந்தாஷ்விலியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. உயிரோடிருக்கும் ஓர் ஆட்டக்காரிக்கு மாளிகை கட்டிய நாடுகள் அதிகமில்லை.

இனி, தொடர் மறுத்த பகுதிக்கு வருவோம். 1963-64இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சேலஞ்சர்ஸ் பிரிவில் அவர் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு அதன் முதன்மைப் பிரிவில், கெரெஸும் கிளிகோரிச்சும் ஆடிய அவையில் ஆடினார். 1977இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் நகரில் நடந்த வலிமையான திறந்த போட்டியில், கிராண்ட்மாஸ்டர்கள் நிறைந்த களத்தில், முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதன் தொடர்ச்சியாக 1978இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது. பெண்களுக்கெனத் தனியாக உள்ள பட்டமல்ல. ஆண்கள் பெறும் அதே பட்டம். உலகில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். விதிமுறை கோரிய ஆட்டங்களின் எண்ணிக்கை முழுமையடையவில்லை என்றாலும் சாதனையின் தகுதி கருதி அது வழங்கப்பட்டது. எழுபது வயதைக் கடந்த பிறகும் மூத்தோர் பிரிவில் அவர் உலகப் பட்டங்களை வென்றார்.

இத்தகைய ஒருவரைப் பற்றித்தான் 'ஆண்களை ஒருபோதும் எதிர்கொண்டதில்லை' என்று ஒரு குரல் பல கோடி வீடுகளில் ஒலித்தது.

*

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? அறியாமையிலிருந்து என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் இங்கேதான் இலக்கிய வாசகர்களான நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டெவிஸின் நாவலிலும் கப்ரிந்தாஷ்விலியின் பெயர் வருகிறது. அங்கே சொல்லப்படுவது ஏறத்தாழ இதன் நேர் எதிர். அவர் இப்போட்டியின் தரத்துக்கு எட்டியவர் அல்லர். ஆனாலும் இந்த ரஷ்யக் கிராண்ட்மாஸ்டர்களை எல்லாம் பலமுறை சந்தித்து ஆடியவர் என்பது நாவலின் கருத்து. அதாவது அந்த ஆண்களுக்குப் பெண்ணோடு ஆடுவது புதிதல்ல என்பதே அங்கு வரும் தகவல். முதல் பாதி விவாதத்துக்குரியது. இரண்டாம் பாதி உண்மை. நாவலாசிரியர் 1983இல் அறிந்து எழுதிய உண்மையைத்தான் 2020இன் திரைக்கதை மாற்றியது.

ஏன் மாற்ற வேண்டும்? இதற்கு விடை கதையின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பெத் ஹார்மன் தனித்தவள். தாயை இழந்தவள், விடுதியில் வளர்ந்தவள், அங்கே கொடுக்கப்பட்ட மயக்க மாத்திரைகளுக்கு அடிமையானவள், யாரும் போகாத வழியில் போகிறவள். நாவலில் அவள் தனிமை அகம் சார்ந்தது. அவளுக்கு முன் இன்னொரு பெண் அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறாள் என்பது அத்தனிமையைக் குறைப்பதில்லை. தொடருக்கோ அத்தனிமை கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் மாஸ்கோவில் அடியெடுத்து வைக்கும்போது அது முதல் முறையாக இருக்க வேண்டும். அதற்கு, ஏற்கெனவே அங்கே இருந்த ஒருத்தி எழுந்து பார்வையாளர் வரிசைக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு கற்பனைப் பெண்ணை முதல்வளாக்க, உண்மையில் முதல்வளாக இருந்த ஒரு பெண்ணின் சாதனை அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. பெண்ணின் வெற்றியைக் கொண்டாடும் ஒரு கதையில் இது நிகழ்ந்தது.

தயாரிப்பாளர்கள் அலட்சியமானவர்கள் என்றும் சொல்ல முடியாது. காரி காஸ்பரோவும் பயிற்சியாளர் புரூஸ் பாண்டோல்ஃபினியும் ஆலோசகர்களாக அமர்த்தப்பட்டிருந்தார்கள். பலகையில் தோன்றும் ஒவ்வொரு நிலையும் சதுரங்கம் அறிந்தவர்கள் முகம் சுளிக்காதபடி அமைக்கப்பட்டது. பெத் தன் மாநிலத்தின் சாம்பியனான பெல்டிக்கை வெல்லும் ஆட்டம், 1955இல் ரீகாவில் நெஷ்மெத்தினோவ் ஆடிய ஆட்டம். இறுதியில் போர்கோவை வெல்லும் ஆட்டத்துக்கு, 1993இல் பீல் நகரில் இவான்சுக்கும் பேட்ரிக் வுல்ஃபும் ஆடிச் சமன் செய்த ஆட்டம் அடித்தளம். அதில் இவான்சுக் தவறவிட்ட வாய்ப்பைப் பெத் பயன்படுத்தி வெல்வதாகக் காஸ்பரோவ் அதைத் திருத்திக் கொடுத்தார். 64 கட்டங்களுக்குள் எந்தக் காய் எங்கே நிற்க வேண்டும் என்பதில் காட்டப்பட்ட இந்த நுணுக்கம், உயிரோடிருக்கும் ஒரு மனுஷி வரலாற்றில் எங்கே நிற்கிறாள் என்பதில் காட்டப்படவில்லை. பார்வையாளர்களில் சில ஆயிரம் பேர் காய்களைச் சரிபார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நோனாவைச் சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணியிருக்கக்கூடும்.

*

மற்ற பெண் ஆட்டக்காரர்கள் எவ்வாறு பார்த்தார்கள்? பெரும்பாலோர் மகிழ்ந்தார்கள். தம் ஆட்டம் இத்தனை அழகுடன் திரையில் வந்ததே என்ற மகிழ்ச்சி அது. ஆனால் ஹங்கேரியின் யூதித் போல்கார் சொன்ன கருத்து நம் கவனத்துக்குரியது. தொடரில் வரும் ஆண்கள் பெத்திடம் மிகவும் நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் கூற்றின் சாரம். தோற்றவர்கள் எழுந்து நின்று கைகுலுக்குகிறார்கள், பாராட்டுகிறார்கள், பிறகு அவளுக்கு உதவவே வருகிறார்கள். போல்கார் கண்ட உலகம் அதுவன்று.

அவரது மூத்த சகோதரி சூசனுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். 1986இன் இறுதியில் உலகக் கூட்டமைப்பு எல்லாப் பெண் ஆட்டக்காரர்களுக்கும் தரவரிசைப் புள்ளிகளில் 100 கூட்டிக் கொடுத்தது. ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சூசன் போல்கார். பெண்களோடு மட்டும் ஆடுபவர்களின் புள்ளிகள் குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளன, சூசனோ ஆண்களோடு ஆடிப் பெற்றவர் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. விளைவு, 1987 ஜனவரிப் பட்டியலில் அவர் பெண்களில் முதலிடத்தை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் சிபுர்தானிட்ஸே. ஆண்களோடு ஆடியதற்கான தண்டனை அது என்று கருதியவர்கள் உண்டு. ஆண்களோடு ஆடினால் ஒரு வகைத் தண்டனை. ஆடியதை மறந்துவிடுவது இன்னொரு வகை.

யூதித் 1991 டிசம்பரில், 15 வயதில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து அக்காலத்தில் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் ஆனார். எந்தப் பெண்ணுக்கும் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்துத் தன்னால் வெல்ல முடியும் என்று 1962இல் வெளியான பேட்டியில் சொன்னவர் ஃபிஷர். 1994இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் காஸ்பரோவ் யூதித்துக்கு எதிராகக் குதிரையை நகர்த்திக் கையை எடுத்துவிட்டு, பிறகு வேறு கட்டத்துக்கு மாற்றினார். காணொளிப் பதிவு அதைக் காட்டியது. 17 வயதுப் பெண் அந்த அவையில் உலகச் சாம்பியனை எதிர்த்துப் புகார் எழுப்பத் தயங்கினாள், ஆட்டத்தில் தோற்றாள். 2002இல் மாஸ்கோவில் விரைவு ஆட்டம் ஒன்றில் அவர் காஸ்பரோவை வென்றார். 2005இல் தரவரிசையில் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்தார். அவ்வாண்டே உலகப் பட்டத்துக்கான போட்டியில் எட்டுப் பேரில் ஒருவராக ஆடினார். பெண்களின் ஆட்டத்தைக் குறைத்துப் பேசிவந்த காஸ்பரோவ், போல்கார் சகோதரிகளைக் கண்ட பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதை எழுதவும் செய்தார் என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் வேரா மென்சிக் இருக்கிறார். 1927இல் லண்டனில் பெண்களுக்கான முதல் உலகப் பட்டத்தை வென்றவர். 1929இல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டபோது ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர், இந்தப் பெண்ணிடம் தோற்பவர்களைக் கொண்டு 'வேரா மென்சிக் சங்கம்' அமைக்கலாம் என்று நகைத்தார். சங்கத்தின் முதல் உறுப்பினர் ஆனவர் பெக்கரே. அப்போட்டியில் மென்சிக் கடைசி இடத்தில்தான் முடித்தார் என்பதும் உண்மை. ஆனால் அடுத்த ஆண்டுகளில் சங்கத்தில் சேர்ந்தவர்களில், பின்னாளில் உலகச் சாம்பியனான மாக்ஸ் யூவேயும், பஞ்சாபிலிருந்து சென்று மும்முறை பிரிட்டிஷ் சாம்பியனான சுல்தான் கானும் இருந்தார்கள். 1944 ஜூன் மாதம் லண்டன் மீது விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டு ஒன்று, தாய், சகோதரியோடு சேர்த்து மென்சிக்கைக் கொன்றது. அப்போதும் அவரே உலகச் சாம்பியன்.

பெத் ஹார்மனுக்கு முன்னே இப்படி ஒரு நெடிய வரிசை இருந்தது. தொடரைப் பார்த்துப் பலகை வாங்கிய கோடிக்கணக்கானோரில் மிகப் பலர், ஒரு பெண் இப்படி ஆடுவது கற்பனையில் மட்டுமே சாத்தியம் என்ற எண்ணத்தோடு அதை முடித்திருப்பார்கள். அந்தக் கற்பனை ஆறுதலானது. ஆனால் அதன் ஆறுதலுக்கு ஒரு விலை இருந்தது.

*

2021 செப்டம்பரில், தம் 80ஆவது வயதில், கப்ரிந்தாஷ்விலி லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நெட்ஃபிளிக்ஸ் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். கோரிய இழப்பீடு குறைந்தது 50 லட்சம் டாலர். அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும் என்பதும் கோரிக்கை. லோன் பைன் இருக்கும் அதே கலிஃபோர்னியாவில், 44 ஆண்டுகளுக்கு முன் ஆண்களோடு ஆடி முதலிடம் பெற்ற மாநிலத்திலேயே, தாம் ஆண்களோடு ஆடியவர் என்பதை நிறுவ அவர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அவர் மீதும் அவர் சாதனைகள் மீதும் தமக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் வழக்கில் சாரமில்லை என்று நிறுவனம் பதிலளித்தது. அதே மாதத்தில்தான் தொடர் 11 எம்மி விருதுகளைப் பெற்றது.

புனைவின் மீது வழக்குத் தொடுப்பவர்களை நாம் எப்போதும் ஐயத்தோடே பார்க்கிறோம். அந்த ஐயம் நியாயமானது. எழுத்தாளன் வரலாற்றை மாற்ற உரிமை இல்லாவிட்டால் வரலாற்று நாவலே இல்லை. ஒவ்வொரு தகவலுக்கும் சான்று கேட்டால் கதை சொல்லவே முடியாது. நிறுவனத்தின் வாதமும் இதுவே: இது கற்பனை, பார்ப்பவர் எவரும் இதைத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார், கருத்துச் சுதந்திரம் இதைக் காக்கிறது. 2022 ஜனவரியில் நீதிபதி விர்ஜீனியா பிலிப்ஸ் இவ்வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். ஒரு படைப்பு புனைவாக இருப்பதாலேயே, அதில் உண்மையான ஒருவரைப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் கூற்றுக்குப் பொறுப்பிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது என்பது அவர் தீர்மானத்தின் சாரம். ஆண்களோடு ஆடியதே அவர் வாழ்வின் மையச் சாதனை, அதை அவ்வாக்கியம் மறுக்கிறது என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2022 செப்டம்பரில் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. வழக்கு விசாரணைக்கு வந்து தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் சட்டத்துக்கு ஒரு முன்னுதாரணம் கிடைத்திருக்கும். கதை சொல்பவர்களுக்கு அது நல்லதாக இருந்திருக்குமா என்பதில் நமக்கே இரு மனம்.

ஆனால் சட்டத்தின் கேள்வியும் இலக்கியத்தின் கேள்வியும் ஒன்றல்ல. தண்டிக்கலாமா என்று சட்டம் கேட்கிறது. இது எதற்காகச் செய்யப்பட்டது என்று இலக்கியம் கேட்கிறது. கலைஞன் வரலாற்றை மாற்றும்போது, அம்மாற்றம் நமக்கு ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும். கப்ரிந்தாஷ்விலியின் பெயரை விட்டுவிட்டிருந்தால் கதைக்கு எந்தக் குறையும் நேர்ந்திருக்காது. நாவலில் இருந்தபடியே வைத்திருந்தால் கதை இன்னும் செறிவாகியிருக்கும். பலகைக்கு எதிரே அமர்ந்த அமெரிக்கப் பெண்ணும், அவளுக்கு முன் அதே ஆண்களை எதிர்கொண்ட ஜார்ஜியப் பெண்ணும் ஒரே அறையில் இருக்கும் காட்சி எத்தனை பொருள் பொதிந்ததாக இருந்திருக்கும்! கண்கள் சந்தித்துக்கொள்ளும் ஒரு கணம் போதும். நம்மைப் பொறுத்தவரை குறை இங்கேதான். தொடர் பொய் சொன்னது என்பதைவிட, உண்மையில் கிடைத்த பெரிய காட்சியைத் தவறவிட்டுச் சிறிய காட்சி ஒன்றை அமைத்துக்கொண்டது என்பதே அது.

தற்செயலாக, அதே 2020இல் ஜார்ஜிய சதுரங்கப் பெண்களைப் பற்றி 'குளோரி டு த குவீன்' என்ற ஆவணப்படமும் வெளியானது. தாத்தியா ஸ்கிர்த்லாட்ஸே இயக்கியது. நோனா, நானா அலெக்ஸாந்திரியா, மாயா, நானா இயோசெலியானி ஆகிய நால்வரும் முதுமையில் தம் காலத்தை நினைவுகூரும் படம். சோவியத் அரசு அவர்களை விடுதலை பெற்ற பெண்ணின் அடையாளமாக ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டியதும் அதன் பொருள்தான். புகழ்ந்து பயன்படுத்திய அரசு ஒன்று. மறந்து பயன்படுத்திய தொடர் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் அப்பெண்கள் ஆடிய ஆட்டங்கள் இருக்கின்றன, குறித்து வைக்கப்பட்ட தாள்களில். சதுரங்கத்தின் பெரும்பேறு அது. கபடியிலோ ஓட்டத்திலோ ஆடியது காற்றோடு போய்விடும். இங்கே ஒவ்வொரு நகர்வும் எழுத்தாக எஞ்சுகிறது. யார் யாரோடு ஆடினார் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் அத்தாள்கள் காத்திருக்கின்றன.

2025 ஜூலையில், ஜார்ஜியாவின் கடற்கரை நகரான பதூமியில் பெண்களுக்கான உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் எதிரெதிரே அமர்ந்த கொனேரு ஹம்பி, திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரும் இந்தியர்கள். வென்றவர் 19 வயது திவ்யா. அந்த வெற்றியின் பலனாக அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது. வழக்கமான படிகளை முடித்தல்ல, ஒரு பெரும் போட்டியை வென்றதற்காக. ஏறத்தாழ அதே முறையில், அந்த நாட்டில் பிறந்த ஒரு பெண் 1978இல் அதே பட்டத்தை உலகிலேயே முதலாவதாகப் பெற்றிருந்தார்.